வெள்ளக்கரட்டு வாழைத் தோப்பு

வாழைமரம் கட்டியது ஒரு குற்றமா என்று பாலுசாமி இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, சொல்லியாவது வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாலுசாமி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கால் நூற்றாண்டு ஸ்பின்னிங்கில் நின்றவர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் மில்லைச் சாத்திவிட்டார்கள். மில் போனால் மில்காரர்கள் கொடுத்த லைன் வீடும் போகும் அல்லவா? அடுத்த சித்திரைக்குள் காலி செய்துவிட வேண்டும், அதற்கப்புறம் ஓட்டைப் பிரித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதாக இருந்தாலும் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் தள்ளுவார்கள்.

லைனில் இருந்த இருபத்திரண்டு குடும்பமும் கணக்கு முடித்துக் கொடுத்த காசை ஒன்றாகப் போட்டு, கிழக்கே வெள்ளக்கரடு என்ற ஊரில் மூன்று ஏக்கர் மேட்டாங்காட்டை வாங்கினார்கள். விற்றவர் ராமுலு. பக்கத்துத் தோட்டம் அவருடையது. “இந்தக் காட்டுல கொள்ளு வெதச்சா, வெதச்ச கொள்ளே திரும்பி வராதுங்க. ஊடு வேணா கட்டிக்கலாம்” என்று உள்ளதைச் சொல்லியே விற்றார். அவர் சொன்னது சத்தியம். கல்லும் கள்ளியும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. ஆட்டை ஓட்டிவிட்டால் ஆடே திரும்பி நம் முகத்தைப் பார்க்கும்.

அந்தக் காட்டைச் சைட் சைட்டாகப் பிரித்து, ஆளுக்கொரு மனை எடுத்து, இரண்டு ரூம் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். பாலுசாமிக்கு மற்றவர்களைவிட அவசரம். ஒரே மகள் செவ்வந்தி. கல்யாணம் பேசும்போதே, “அடுத்த வருசம் சொந்த ஊடுங்க. தலைப்பிரசவத்துக்கு அங்கதான் கூட்டிட்டுப் போவோம்” என்று சம்பந்தி வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பெண்ணைக் கூட்டி வந்து படுக்கவைக்க ஒரு கூரை வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு புது விதி வந்தது. காட்டை இருபது மனைக்கு மேல் பிரிப்பதாக இருந்தால், ‘மனைப்பிரிவுச் சூழல் பரிசீலனைக் கிளை’ என்று ஓர் ஆபீஸ், அவர்கள் வந்து பார்த்து, செடிகொடிக்கும் தண்ணீருக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் சேதம் வராது என்று எழுதித்தர வேண்டும். பெரிய புள்ளிகளை மடக்க வந்த விதி. பெரிய புள்ளிகள் என்ன செய்தார்கள்? நூறு ஏக்கரையும் பத்தொன்பது பத்தொன்பது மனையாகப் பிரித்து, மாமன் மச்சான் கொழுந்தியாள் பெயரில் தனித்தனி மனுப் போட்டு, ஒரே வாரத்தில் கல் நட்டுவிட்டார்கள். நம் ஆட்கள் இருபத்திரண்டு குடும்பம் என்பதால் இருபத்திரண்டு என்று எழுதினார்கள். கிளை திறந்ததிலிருந்து வந்த ஒரே மனு அதுதானாம். மனுவைப் பார்த்ததும் ஆபீஸே எழுந்து நின்றது என்று அங்கிருந்த பியூன் சொன்னார்.

நாளைக்கே ஆய்வுக்கு வருகிறோம் என்று சேதி வந்தது ஆவணியில், செவ்வந்தி கல்யாணத்துக்கு மறுநாள்.

“பெரிய ஆபீசருங்க வாராங்க. அவுங்கள அந்த மொட்டக் காட்டுல எப்படி நிக்கவெக்கறது?” என்றாள் பாவாத்தாள். அவள் பாலுசாமியின் மனைவி. வீட்டுக்கு வந்தவர்களை ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பிவிட்டால் அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

கல்யாண மண்டபத்து வாசலில் கட்டிய வாழைமரங்கள் குலையோடு பச்சையாக நின்றன. சும்மா வாடப்போகிறதுதானே என்று அவற்றை அவிழ்த்து வண்டியில் ஏற்றினார்கள். பாலுசாமி கட்டினால் மற்றவர்கள் விடுவார்களா? ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கி வந்து, அவரவர் மனை வரப்போகிற இடத்தில் கடப்பாரையால் குழி போட்டு நட்டார்கள். மாவிலைத் தோரணம் கட்டினார்கள். தென்னங்கீற்றைப் பின்னித் தொங்கவிட்டார்கள். ஆவணிக் காற்றில் புழுதி கண்ணைத் திறக்கவிடவில்லை. கல்யாணத்துக்கு வந்த தண்ணீர் லாரியையே காட்டுக்குள் திருப்பி, மூன்று ஏக்கரும் சொதசொதவென்று தெளித்துவிட்டார்கள். ராமுலு வரப்பில் நின்று பார்த்துவிட்டு, “என்ற காட்டுக்கே இவ்வளவு தண்ணி பாய்ஞ்சதில்லீங்க” என்றார்.

ஆபீசர் பெயர் சென்னியப்பன். நல்ல மனிதர் என்றே எல்லாரும் சொன்னார்கள்; யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. ஆபீசுக்கு வாங்கி அன்றைக்குத்தான் முதல் தடவையாக உறையைக் கழற்றியிருந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிக் காலை வைத்ததும் ஷூ சேற்றில் புதைந்தது.

“நல்ல ஈரமா இருக்குதுங்களே” என்றார்.

“எல்லாம் உங்களுக்காகத்தானுங்க” என்றாள் பாவாத்தாள் பெருமையாக.

அவர் சிரித்துக்கொண்டு எழுதிக்கொண்டார். ஒவ்வொரு வாழையாகப் போய்த் தொட்டுப் பார்த்தார். மாவிலையைக் கிள்ளி மோந்தார். இளநீர் குடித்தார். பைனாகுலரில் இரண்டு கைத் தூரத்திலிருந்த வாழைக் குலையைப் பார்த்து, “அடடா” என்றார். கிளம்பும்போது எல்லாருக்கும் கும்பிடு போட்டு, “இந்தப் பக்கத்துல இப்படி ஒரு பசுமையை நான் எதிர்பாக்கவே இல்லீங்க” என்றார். ஜீப் போனதும் தேங்காய் உடைத்தார்கள். காரியம் முடிந்தது என்று அன்றைக்கு எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள், பாவம்.

புரட்டாசியில் பதில் வந்தது. நிலம் தரிசு என்று விண்ணப்பதாரர் எழுதியதற்கு மாறாக, குலை தள்ளிய வாழைத் தோப்பும் மா, தென்னை இனங்களும் அங்கே நன்கு வளர்ந்திருப்பது நேரில் கண்டறியப்பட்டது. நிலத்தடி நீர் காலணி ஆழத்திலேயே கிடைக்கிறது. இத்தகைய வளமான ஈரநிலத்தில் வீடு கட்டுவது பற்றி ஆழ்ந்து பரிசீலிக்க வேண்டியுள்ளது. முடிவு எடுக்கும் வரையில் மேற்படி தாவரங்களை ஆய்வின்போது இருந்த நிலையிலேயே விண்ணப்பதாரர்கள் பராமரித்து வர வேண்டும். ஒரு மரம் குறைந்தாலும் மனு தள்ளுபடி.

பாலுசாமி அன்றைக்கே பஸ் பிடித்து உக்கடத்தில் இறங்கி ஆபீசுக்கு ஓடினார். சென்னியப்பன் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

“சார், அது கல்யாண வாழைங்க.”

“எந்த ரகமா இருந்தாலும் வாழை வாழைதானுங்க.”

“ரகமில்லீங்க சார். மண்டபத்துல கட்டுனதுங்க. அதுக்கு வேரே கெடையாதுங்க.”

சென்னியப்பன் இதை நன்றாக யோசித்தார். “வேர் மண்ணுக்குள்ள இருக்கறது. எங்க ஆய்வு மண்ணுக்கு மேலதானுங்க. கீழ பாக்கறது வேற டிபார்ட்மெண்டு.”

“நீங்க வேணா இப்ப வந்து பாருங்க சார். எல்லாம் சாஞ்சு கெடக்குது.”

“அப்படி இருந்தா நீங்க சரியாப் பராமரிக்கலீன்னு அர்த்தமுங்க.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோபமே இல்லை. “பாலுசாமி, நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். அப்ப நான் பாத்தது பொய்யின்னு ஆவுது. நான் பாத்தது பொய்யின்னா இந்தக் கிளை எழுதுன மொத ரிப்போர்ட்டே பொய். மொத ரிப்போர்ட்டே பொய்யின்னா, கிளை எதுக்குன்னு மேல கேப்பாங்க. மூடிப்போடுவாங்க. ஒரு ஜோடி வாழைமரத்துக்காகச் சுற்றுச்சூழலைக் காப்பாத்தற ஆபீசையே மூடச் சொல்றீங்களா? சுற்றுச்சூழலுக்கு இதைவிடப் பெரிய சேதம் உண்டுங்களா?”

பாலுசாமி, “இல்லீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போதுதான் நாம் எதற்கு இல்லையென்று சொன்னோம் என்று அவருக்கே ஆத்திரமாக வந்தது.

சாய்ந்த மரத்துக்குப் பதில் புதுசு புதுசாக வாங்கிவந்து நட்டுப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் யாருக்குக் கட்டும்? கடைசியில் வேறு வழியில்லாமல் வாழைக்கன்று வாங்கி, கல்லைப் பெயர்த்துக் குழி எடுத்து, லாரி லாரியாகக் குளத்து வண்டலைக் கொட்டி நிஜமாகவே நட்டார்கள். ரிப்போர்ட்டில் மா, தென்னை என்று இருந்ததால் அதையும் நட்டார்கள். ராமுலு கிணற்றில் குடம் குடமாக மொண்டு, ஆணும் பெண்ணும் முறை வைத்துச் சுமந்து ஊற்றினார்கள். வீடு கட்டுவதற்கு எடுத்துவைத்த காசு வாழைக்குப் போனது. வீடு கட்ட அனுமதி வேண்டுமானால் இது தோப்பு இல்லை என்று காட்ட வேண்டும். மனு உயிரோடு இருக்க வேண்டுமானால் தோப்பு இருக்க வேண்டும். இந்த நியாயத்தைப் பாலுசாமி பாவாத்தாளுக்கு விளக்கிச் சொல்லப் பார்த்தார். “உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?” என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். “அப்பக் கொடத்த எடுங்க” என்றாள்.

ஐப்பசியில் செவ்வந்தி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. பாலுசாமி சந்தோசப்பட்ட கையோடு விரல்விட்டு எண்ணினார். வைகாசி. வாய்க்குள் போட்ட சர்க்கரை கசந்தது.

தை மாசம், ‘பொதுமக்கள் கருத்துக் கேட்பு’ என்று ஒன்று வைத்தார்கள். வெள்ளக்கரட்டுக் காட்டிலேயே சாமியானா போட்டு, மைக் கட்டி, நாற்காலி போட்டார்கள். இருபத்திரண்டு குடும்பமும் குளித்து முழுகி வந்து உட்கார்ந்தது. சென்னியப்பன் மைக்கைத் தட்டிவிட்டு, “விண்ணப்பதாரர்கள் எல்லாரும் எந்திரிச்சு வெளியே நிக்கோணுமுங்க. இது பொதுமக்களுக்கான கூட்டம்” என்றார். எல்லாரும் எழுந்து வெயிலுக்குப் போனார்கள். பந்தலுக்குள் பொதுமக்கள் என்று மிச்சமிருந்தது ராமுலு ஒருவர்தான். அவரும் மோட்டார் போடுவதற்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்தவர்.

சென்னியப்பன் முக்கால் மணி நேரம் ராமுலுவுக்குச் சொற்பொழிவு ஆற்றினார். “பெரியோர்களே, தாய்மார்களே” என்றுதான் தொடங்கினார். “மண் இருக்கும், நாம் இருக்க மாட்டோம். ஆகவே மண்ணைக் காப்பது நம் கடமை. மனிதன் எங்கே காலை வைக்கிறானோ அங்கே இயற்கை அழிகிறது. இந்தக் கிளையின் கனவு என்ன? மனிதன் காலே வைக்காத ஒரு மனைப்பிரிவு. மனை இருக்கும், சாலை இருக்கும், பூங்கா இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். அந்த நாள் தூரத்தில் இல்லை. நான் சுந்தராபுரத்தில் ஒரு சைட் வாங்கி ஒன்பது வருடமாக வீடு கட்டாமல் வைத்திருக்கிறேன். அதை ஒரு தியாகமாக நான் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. முன்னுதாரணமாகத்தான் சொல்கிறேன்.”

பிறகு பொதுமக்களின் கருத்தைக் கேட்டார். ராமுலு எழுந்தார்.

“எனக்கென்னங்க. இது கொள்ளுகூட வெளையாத காடு. இவுங்கதான் கொடத்துல சொமந்து ஊத்தி இப்படிப் பண்ணிவெச்சிருக்கறாங்க. நல்ல சனம். லைன் ஊட்டைப் பிரிக்கப்போறாங்க. புள்ளை வேற மாசமா இருக்குது. ஊடு கட்டிட்டுப் போகட்டுமுங்க.”

ரிப்போர்ட்டில் அது இப்படி ஏறியது: ‘இந்த நிலத்தின் விளைச்சல் குறித்து வட்டாரப் பொதுமக்கள் ஒருமனதாக வியப்புத் தெரிவித்தனர். இதை உருவாக்கியவர்களைப் பாராட்டினர்.’ பாராட்டுச் சான்றிதழ் ஒன்று கண்ணாடி போட்டு வந்தது. மாட்டிவைக்கச் சொந்தச் சுவரில்லை என்று பாவாத்தாள் அதைக் குடத்துக்கு மூடியாக வைத்துக்கொண்டாள்.

பங்குனியில் சம்பந்தி வீட்டில் வளைகாப்புப் போட்டார்கள். சாப்பாடெல்லாம் ஆன பிறகு சம்பந்தியம்மாள் சாந்தாமணி, பாலுசாமிக்கு வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“அம்மணிய இப்பவே கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நல்ல நாள் பாத்து வாரீங்களா?”

“ஊட்டு வேல கொஞ்சம் பாக்கியிருக்குதுங்க.”

“ஆகட்டுமுங்க, பொறவு வாங்க. நாங்க ஒண்ணும் அவசரப்படுத்தலீங்க. ஆனா தலைப்பிரசவத்தை இங்க வெச்சுக்கிட்டா நாளைக்கு நாலு சனம் நம்மளைப் பேசுமுங்க. உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எங்களைத்தான் சொல்லுவாங்க.”

செவ்வந்தி கையில் அடுக்கியிருந்த வளையலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசல் வரைக்கும் வந்து, “அப்பா, ஊடு எத்தன மட்டத்துக்கு வந்திருக்குதுங்க?” என்று மெதுவாகக் கேட்டாள். “வந்துக்கிட்டே இருக்குது கண்ணு” என்றார் பாலுசாமி. ஒரு செங்கல்கூட வாங்கவில்லை.

சித்திரையில் லைன் வீட்டு ஓட்டைப் பிரித்தார்கள். மற்றவர்கள் சொந்தம் பந்தம் என்று ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போனார்கள். பாலுசாமியும் பாவாத்தாளும் தட்டுமுட்டுச் சாமானோடு ராமுலு தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் குடிவந்தார்கள். கால் நீட்டினால் மோட்டார் தட்டும். ராமுலு முகம் சுளிக்கவில்லை. “நீங்க இருக்கறதுல எனக்கொண்ணுமில்லீங்க, கரண்டுகிட்ட மட்டும் சூதானமா இருங்க” என்றார்.

அன்று இரவெல்லாம் விழித்துக் கிடந்த பாவாத்தாள், விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனாள். “இந்தக் கெரகத்தையெல்லாம் வெட்டிப்போடறேன். மனு போனாப் போகுது. என்ற புள்ளைக்கு ஒரு ஓலக் குச்சு போட்டுக் குடுக்கறேன், அப்பறம் வந்து எவன் பிரிக்கறான்னு பாக்கறேன்” என்று முதல் வாழையில் ஓங்கினாள். பாலுசாமி தடுக்கவில்லை. தடுக்க அவருக்கும் தெம்பில்லை. ஓங்கிய அரிவாள் இறங்குவதற்குள் அவள் காலடியிலிருந்து படபடவென்று ஒரு பெட்டை மயில் எழும்பிப் போனது. வாழைச் சருகுக்குள் முட்டை கிடந்தது. அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு நிழலும் ஈரமும் அங்கேதான் இருந்தது. மயிலுக்குத் தெரியாதா?

பாவாத்தாள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டாள். அடைகாக்கிற ஒன்றின் மேல் அவளுக்குக் கை வரவில்லை.

இது எப்படியோ ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது மாதமாக அசையாத கிளை, ஒரே நாளில் அசைந்தது. தேசியப் பறவை அல்லவா? சென்னியப்பன் ஜீப்பில் பறந்து வந்தார். வெயிலும் மழையும் படாமல் மயிலுக்கு ஒரு கொட்டகை போட வேண்டும் என்று அங்கேயே நின்று உத்தரவு எழுதினார். நாலு பக்கமும் தட்டி, மேலே இரட்டைக் கூரை, மயில் போய்வர ஓரமாக ஒரு வழி. முப்பது அடிக்குள் மனிதர் யாரும், ஆபீசர் உட்பட, போகக் கூடாது. வெள்ளக்கரட்டுக் காட்டில் அரசாங்கம் கொடுத்த முதல் கட்டட அனுமதி அந்த மயிலுக்குத்தான் கிடைத்தது.

கொட்டகையைப் போட்டுக் கொடுத்தது பாலுசாமிதான். கடப்பாரைச் சத்தத்திலும் ஆள் நடமாட்டத்திலும் அன்றைக்கே மிரண்டு போன மயில் திரும்பி வரவேயில்லை. முட்டையைக் கீரி தின்றுவிட்டது. பாலுசாமி ஆபீசுக்குப் போய், “சார், மயில் போயிருச்சுங்க” என்றார்.

“எப்படித் தெரியும் உங்களுக்கு? முப்பது அடிக்குள்ள போனீங்களா? அது குற்றமுங்க.”

“போகலீங்க சார்.”

“அப்ப மயில் உள்ளதான் இருக்குது.”

கொட்டகை காலியாகவே நின்றது. பாலுசாமியைக் காவலுக்குப் போட்டார்கள், சம்பளமில்லாமல்.

வைகாசி பிறந்ததும் சாந்தாமணி செவ்வந்தியை ஆட்டோவில் கூட்டி வந்துவிட்டாள். “நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தமுங்க. சாஸ்திரத்தை மீறக் கூடாதுன்னு நாங்களே கொண்டுவந்துட்டோம். எங்கீங்க ஊடு?” என்று சுற்றிலும் பார்த்தாள். தோப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “காடு நல்லா வெச்சிருக்கறீங்களே” என்றாள். பாவாத்தாள் அவளை மோட்டார் ரூம் பக்கம் போகவிடாமல், வாழை நிழலில் கட்டில் போட்டு மோர் கொடுத்து, “ஊடு அந்தப் பக்கம் அக்கட்டால இருக்குது, நாங்க பொழுதோட போயிர்றமுங்க” என்று சொல்லி அனுப்பிவைத்தாள். ஆட்டோ மறைந்ததும் செவ்வந்தி, “எங்கம்மா?” என்றாள். பாவாத்தாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பெரியாஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. நாலாம் நாள் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் பஸ்ஸில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்காதீர்கள். மோட்டார் ரூமில் செவ்வந்தியைப் படுக்கவைத்துவிட்டு, மற்ற இரண்டு பேரும் வெளியே உட்கார்ந்தார்கள். சாயங்காலம் காற்றும் மழையும் ஒன்றாக அடித்தது. மோட்டார் ரூம் கூரைத் தகரத்தைக் காற்று அப்படியே தூக்கிக்கொண்டு போய் ராமுலு கிணற்றில் போட்டது. சுவரெல்லாம் தண்ணீர் வழிய, மெயின் சுவிட்சு படபடவென்று பொறி விட்டது. ராமுலு வீடு ஊருக்குள், ஒரு மைல் தள்ளி இருந்தது.

பாலுசாமி யோசிக்கவில்லை. குழந்தையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு தோப்புக்குள் ஓடினார். பின்னால் பாவாத்தாள் மகளைத் தாங்கிக் கூட்டிவந்தாள். மயில் கொட்டகைக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரட்டைக் கூரை. அவரே போட்டது, நன்றாகத்தான் போட்டிருந்தார். உள்ளே உலர்ந்த வைக்கோல் மெத்தென்று கிடந்தது. மயிலுக்கென்று ஆபீசிலிருந்து கொடுத்தனுப்பிய வைக்கோல். செவ்வந்தி அதில் படுத்துக் கண்ணை மூடினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்பன் அவளுக்குக் கொடுத்த முதல் கூரை அது.

மறுநாள் காலையில் ஜீப் வந்து நின்றது. பாலுசாமி அலறியடித்துக்கொண்டு தோப்பு ஓரத்துக்கு ஓடினார். சென்னியப்பன் முப்பது அடிக்கு இப்பால், கல் நட்டிருந்த எல்லையில் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தார். தட்டியைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது.

“எல்லாம் எப்படிப் போகுதுங்க?”

“போகுதுங்க சார். மழை பாருங்க, ஒரே சேறு. நீங்க எதுக்கு இதுல நின்னுக்கிட்டு...”

அதற்குள் கொட்டகையிலிருந்து குழந்தை வீறிட்டது. பாலுசாமி, எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஆபீசர் ஒரு கையை உயர்த்தி, பேசாதீர்கள் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“கேட்டீங்களா?”

“கேட்டுதுங்க.”

“பொரிச்சிருச்சுங்க.”

குழந்தை இன்னொரு தடவை அழுதது. உள்ளே பாவாத்தாள் அதன் வாயைப் பொத்தினாளோ, செவ்வந்தி மார்பில் அணைத்தாளோ, சத்தம் அடங்கியது.

சென்னியப்பன் பாலுசாமியின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. “என்ற சர்வீஸ்ல இப்படி ஒரு நாள் வருமுன்னு நெனைக்கலீங்க. ஒரு சின்ன உயிர். அதுக்குன்னு இந்த ஒலகத்துல ஒரு எடம் கெடையாது. மழைக்கு ஒதுங்கக் கூரை கெடையாது. நம்மளை நம்பிப் பொறந்திருக்குது. நாம ஒரு கூரை குடுத்தோம் பாருங்க, அதுக்குப் பேருதானுங்க அரசாங்கம்.”

பாலுசாமி பொலபொலவென்று அழுதுவிட்டார். அடக்கவே முடியவில்லை. சென்னியப்பன் தோளைத் தட்டிக்கொடுத்தார். “அழுவாதீங்க. உங்களுக்குள்ள இவ்வளவு இயற்கைப் பாசம் இருக்குமுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

பிறகு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். “இன்னைக்கிருந்து யாரும் கிட்டப் போகக் கூடாதுங்க. நான் உள்பட. பதினஞ்சு நாள். அதுக்குள்ள குஞ்சு றெக்கை மொளச்சுப் பறந்துரும். அப்பறம் நீங்களே கொட்டகையைப் பிரிச்சு அப்புறப்படுத்திப் போடோணும். ஈரநிலத்துல கட்டடம் நிக்கறது நல்லதில்லீங்க.”

“பதினஞ்சு நாளுங்களா?”

“அதுவே சாஸ்திங்க.”

பாலுசாமி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கொட்டகையைப் பார்த்தார். கையைக் கும்பிட்டபடியே கேட்டார்.

“ஏனுங்க சார், கொஞ்சம் மெதுவாப் பறக்கற சாதி ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தா இதை அந்தச் சாதின்னு எழுதிக்குங்க சார். நீங்க எழுதுனாச் சரியாப் போயிருமுங்க.”

சென்னியப்பன் அவரைப் பரிவோடு பார்த்தார். “மயில்ல அப்படியெல்லாம் கெடையாதுங்க” என்று பொறுமையாக விளக்கிவிட்டு, பதினைந்து நாள் என்றே எழுதிக்கொண்டார்.